உச்சிக்கு 36 டிகிரி முன்னால்

பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்பியவர்களுக்குத் தெரியும்: சில நேரம் வண்டி திருப்பி உதைக்கும். கிக்கரைப் பாதி மிதிக்கும்போதே அது வெடுக்கென்று மேலே எகிறிக் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும். மெக்கானிக்கிடம் போனால், "டைமிங் அட்வான்ஸா இருக்கு சார்" என்பார். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் பிளக்கில் பொறி விழுந்துவிட்டது, எரிந்த வாயு அதை வந்த வழியே கீழே தள்ளிவிட்டது என்று அர்த்தம்.

பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு பொறியை விட்டால் இந்த வம்பே இருக்காதே? இருக்காதுதான். ஆனால் வண்டி இழுவை இல்லாமல், சைலன்சர் பழுக்கக் காய்ந்து, பெட்ரோலை மடமடவென்று குடித்துக்கொண்டு ஓடும். அதனால் பெட்ரோல் இன்ஜினில் பொறி கிட்டத்தட்ட எப்போதும் உச்சிக்கு முன்னாலேயே விழுகிறது. வேகமாகச் சுழலச் சுழல இன்னும் முன்னால் விழுகிறது. ஏறி வருகிறவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போன்ற இந்த ஏற்பாட்டில் எப்படிச் சக்தி கிடைக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல இன்ஜினைத் திறந்து பார்க்கலாம். 1966-ன் கடைசியில் செவர்லே வெளியிட்ட கமாரோ இசட்/28 ஒரு பந்தய விதிக்காகவே பிறந்த கார். அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜினின் கொள்ளளவு 305 கன அங்குலத்தை, அதாவது 5 லிட்டரை, தாண்டக் கூடாது. கையிலிருந்த 327 இன்ஜினின் பிளாக்கில் 283-ன் கிராங்கைப் போட்டார்கள். 302 கன அங்குலம் வந்தது. சிலிண்டரின் விட்டம் 101.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76.2 மி.மீ. மட்டுமே. அகலம் அதிகம், ஓட்டம் குறைவு என்பதால் வெகுவேகமாகச் சுழலும். கலவையைப் பதினொன்றில் ஒரு பங்காக அமுக்கும். விளம்பரத்தில் 290 குதிரைத்திறன் என்று போட்டார்கள். அதைவிட அதிகம் என்பது அன்றே ஊரறிந்த ரகசியம். முதல் ஆண்டில் 602 கார்களே விற்றன. ஆனால் ரோஜர் பென்ஸ்கேயின் அணியில் மார்க் டோனஹியூ ஓட்டிய கமாரோ 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் செவர்லேக்கு டிரான்ஸ்-ஆம் பட்டத்தை வாங்கித் தந்தது.

இந்த இன்ஜினில் கணினி கிடையாது. எட்டு சிலிண்டர்களுக்கும் பொறி எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்ஜினின் பின்பக்கம் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஒரே கருவி. அதைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டைத் தளர்த்தி, உடம்பை இடஞ்சுழியாக விரல்நக அகலம் திருப்பினால் போதும். பொறி முந்துகிறது, இன்ஜினின் குரலே மாறிவிடுகிறது. ஒரு சொட்டு பெட்ரோல் கூடுதலாகப் போகவில்லை, காற்றும் கூடவில்லை. பொறியின் நேரம் மட்டும் மாறியது.

அந்த நேரத்தை நொடியில் சொல்வதில்லை, கோணத்தில் சொல்கிறோம். கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 360 டிகிரி. பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் பூஜ்யம். உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறதோ அதை முந்துகோணம் என்று வைத்துக்கொள்வோம், பட்டறையில் அட்வான்ஸ். இந்தக் குடும்பத்து இன்ஜின்கள் முழு வேகத்தில் கேட்கும் முந்துகோணம் சுமார் 36 டிகிரி, அதாவது ஒரு சுற்றில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் பிஸ்டன் உச்சிக்கு 9 மி.மீ. கீழே இருக்கிறது. ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் "கலவை வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது" என்று படித்திருப்போம். சரியாக ஓடும் இன்ஜினில் வெடிப்பு எதுவும் நடப்பதில்லை. அறுப்பு முடிந்த வயலில் ஒரு மூலையில் தாளுக்குத் தீ வைத்தால் அது வரிசை கட்டி எதிர் வரப்பை நோக்கி நகருமே, சிலிண்டருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பொறி ஒரு ஓரத்தில் விழுகிறது. முதலில் கடுகளவு தீ. அது சுற்றியுள்ள கலவையைப் பிடித்துக்கொண்டு பெரிதாகிறது. பிறகு ஒரு மெல்லிய தீத்திரையாக எதிர்ச் சுவரை நோக்கி ஓடுகிறது. அதன் பின்னால் எரிந்த வாயு, முன்னால் எரியாத கலவை. எதிர்ச் சுவரைத் தொட்டு எல்லாம் எரிந்து முடிய நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் கிராங்க் சும்மா நிற்பதில்லை. நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் 36 டிகிரி திரும்பிவிடுகிறது.

ஆக, பொறி விழும் கணம் நமக்கு முக்கியமே இல்லை. எரிந்து எரிந்து அழுத்தம் எப்போது உச்சத்தைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கியபோது அழுத்தம் உச்சம் தொட்டால் இன்ஜின் தன்னால் முடிந்த முழு இழுவையையும் தருகிறது. இசட்/28-ல் அப்போது பிஸ்டன் இறங்கியிருப்பது 1.6 மி.மீ.தான்.

ஏன் 15? அதற்கு முன்பே அழுத்தம் ஏறினால், ஏறி வரும் பிஸ்டன் அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டும். உச்சியை ஒட்டிய சில டிகிரிகளில் பிஸ்டன் அநேகமாக அசைவதே இல்லை என்பதால், அங்கே சேரும் சூடு வேலை எதுவும் செய்யாமல் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும். ரொம்பத் தாமதித்தால் வேறு நஷ்டம். பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகு எரியும் பெட்ரோலுக்குத் தள்ளுவதற்குத் தூரம் மிச்சமில்லை. சூட்டோடு வெளியே போகிறது. டைமிங் பின்தங்கிய வண்டியில் எக்ஸாஸ்ட் குழாய் சிவப்பதும் ரேடியேட்டர் கொதிப்பதும் இதனால்தான். இரண்டு நஷ்டத்துக்கும் நடுவே எங்கே குறைந்த பங்கம் என்று தேடினால் இன்ஜினுக்கு இன்ஜின் பெரிதாக மாறாமல் அந்த 15-ஐ ஒட்டியே வந்து நிற்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள்? இரும்புச் சுவருக்குள், ஆயிரத்தில் சில நொடிக்குள் முடியும் காரியம் அது. முதல் வழி அழுத்தத்தை அளப்பது. சிலிண்டர் தலையில் துளை போட்டு அழுத்தமானியைச் செருகி, கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று கோடாக வரைந்தார்கள். இரண்டாவது வழி இன்னும் சுவாரசியம்: சிலிண்டருக்கு ஜன்னல் வைத்துவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ராஸ்வைலரும் வித்ரோவும் 1930-களில் ஓடும் இன்ஜினின் தீயைத் தடித்த ஜன்னல் வழியே சினிமாப் படமாக எடுத்து, ஒவ்வொரு படத்தையும் அதே கணத்தின் அழுத்தக் கோட்டோடு பொருத்தி 1938-ல் வெளியிட்டார்கள். தீத்திரை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. 1940-களில் நாசாவின் முன்னோடி அமைப்பான நாகாவில் நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கேமராவே இதற்காக வந்துவிட்டது.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார். இன்ஜின் 800 சுற்றில் சும்மா நின்று ஓடும்போது 12 டிகிரி முந்துகோணம் இருக்கிறது. எரிய ஆகும் நேரம் மாறாது என்றால், 6000 சுற்றில், அதாவது ஏழரை மடங்கு வேகத்தில், 90 டிகிரி வேண்டும். பிஸ்டன் பாதிகூட ஏறியிருக்காது! ஆனால் நிஜத்தில் 36-லேயே முடிந்துவிடுகிறது. அதுவும் 3000 சுற்றை ஒட்டியே 36-ஐத் தொட்டு, அதற்கு மேல் வேகம் எவ்வளவு கூடினாலும் ஏறாமல் நிற்கிறது. பல எளிய விளக்கங்கள் "வேகம் கூடினால் முந்த வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகின்றன. ஏன் முந்துவது பாதியில் நிற்கிறது என்பதுதான் எனக்கு இதில் ஆகப் பிடித்த பகுதி.

அசைவற்ற பெட்ரோல் கலவையில் தீ தன் முன்னால் இருக்கும் வாயுவைத் தின்று முன்னேறும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. அந்த வேகத்தை நம்பி இன்ஜின் கட்டினால் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்கு மேல் தேறாது. ஆனால் ஓடும் இன்ஜினில் தீ நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காரணம் காற்று. வயலில் எரியும் தாளுக்குக் காற்று கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் காற்று அடிக்கச் செய்வது இன்ஜினேதான். கலவை வால்வின் இடுக்கு வழியே சீறிக்கொண்டு உள்ளே வரும்போது பெரிதும் சிறிதுமாகச் சுழல்கள் கிளம்புகின்றன. இந்தக் கொந்தளிப்பு தீத்திரையைக் கசக்கிச் சுருட்டி அதன் பரப்பைப் பல மடங்காக்குகிறது. பரப்பு கூடினால் எரியும் வேகமும் கூடும். இன்ஜின் இரண்டு மடங்கு வேகமாகச் சுழன்றால் கலவை இரண்டு மடங்கு வேகமாக உள்ளே வரும், கொந்தளிப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஆகவே தீயின் ஓட்டம் இன்ஜினோடு போட்டி போட்டுக்கொண்டே வேகமெடுக்கிறது. கோணத்தில் கணக்கிட்டால் தீ எதிர்ச்சுவர் போய்ச் சேர எடுக்கும் டிகிரி பெரிதாக மாறுவதில்லை.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் டுகால்டு கிளெர்க் 1912 வாக்கில் இதை அழகான ஒரு சோதனையால் காட்டினார். ஓடும் இன்ஜினில் கலவையை உள்ளே இழுத்த பிறகு வால்வுகளைத் திறக்கவிடாமல் செய்து, உடனே பொறியும் விடாமல், அதே கலவையைச் சில முறை அமுக்கியும் விரித்தும் அலையடங்க விட்டார். பிறகு பொறி. அதே கலவை, அதே அமுக்கம். ஆனால் எரிய ஆன நேரம் கணிசமாக நீண்டுவிட்டது. எல்லாம் அப்படியே இருக்க, கொந்தளிப்பு மட்டும் அடங்கியிருந்தது.

அப்படியானால் முந்துகோணம் ஏறவே வேண்டாமே, 12-லேயே நிற்கலாமே? அங்கேதான் அந்தக் கடுகளவுத் தீயின் பங்கு வருகிறது. பொறி விழுந்ததும் பிறக்கும் முதல் தீ, சுழல்களைவிடச் சிறியது. சுழல் அதைக் கசக்க முடியாது, இடம்விட்டு இடம் தூக்கிக்கொண்டுதான் போக முடியும். பற்றிக்கொண்டு ஓரளவு பெரிதாகும்வரை அது தன் சொந்த நிதானத்தில்தான் வளர்கிறது. இன்ஜினின் அவசரம் அதற்கு உறைப்பதில்லை. அந்தத் தொடக்க நேரம் நொடிக்கணக்கில் பெரிதாக மாறாததால், வேகம் கூடக்கூட அது விழுங்கும் டிகிரி கூடுகிறது. முந்துகோணம் ஏற வேண்டியிருப்பது பெரும்பாலும் இந்தக் குழந்தைப் பருவத்துக்காக. ஓட்டப் பருவத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ரோட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளை எடுத்தால் இந்த இயற்பியல் முழுக்க இரும்பாகக் கிடக்கிறது. இரண்டு சிறு எடைகள், அவற்றை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள். தண்டு சுழல எடைகள் மையவிலக்கு விசையால் வெளியே விரிகின்றன, விரியும்போது பாயிண்ட்டை, அதாவது திறந்ததும் பொறியை விடும் தொடுமுனையை, திறக்கும் கேமைச் சற்று முன்னால் திருகிவிடுகின்றன, பொறி முந்துகிறது. ஓர் எல்லையில் தடுப்பு முளை இடித்து நிறுத்துகிறது. அதுதான் அந்த 3000 சுற்று. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் இங்கே 12 டிகிரி என்பது கிராங்கில் 24. நிற்கும்போது வைத்த 12-ஓடு சேர்த்தால் 36. ஸ்பிரிங் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் ஏறும். ஃபோர்டு மாடல் டி-யில் இந்த வேலையை ஓட்டுநரே ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்புகோலால் செய்ய வேண்டியிருந்தது. கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது பொறியைப் பின்தள்ள மறந்தவர்களுக்குக் கை முறிந்தது. புல்லட் காலுக்குச் செய்வதை அது கைக்குச் செய்தது.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தகரத்தில் ஒரு வட்டமான பெட்டி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். இது வேறொரு பிரச்சினைக்கு. சமதரையில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டபடி போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை மிகக் குறைவு. தாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வயல் அது. தீ தாவித்தாவிப் போக நேரமாகும். ஆகவே இன்னும் முன்னால் பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம் இருக்கும். அந்த வெற்றிடம் குழாய் வழியாகப் பெட்டிக்குள்ளிருக்கும் திரையை இழுக்கிறது, திரை பாயிண்ட் தட்டை நகர்த்துகிறது, மேலும் பதினைந்து டிகிரி போல முந்துகிறது. மொத்தம் ஐம்பதைத் தொட்டாலும் இன்ஜின் சத்தமில்லாமல் போகும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் வெற்றிடம் போய்விடும், கூடுதல் முந்துகையும் போய்விடும். எப்போதும் முழு மிதியில் ஓடும் பந்தயக் காருக்கு இது தேவையில்லை. அதைப் பார்த்துத் தெருவில் ஓட்டும் காரிலும் அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு வீரம் பேசுகிறவர்கள் உண்டு. பெட்ரோலைக் கூடுதலாகச் செலவழித்து இன்ஜினைச் சூடாக்குவதைத் தவிர அதில் வேறு பலன் கிடையாது.

இதுவரை முந்தினால் நல்லது என்பது போலவே பேசிவிட்டேன். ஓர் எல்லைக்கு மேல் முந்தினால் இழுவை குறைவதற்கு முன்பே வேறொரு ஆபத்து வருகிறது: நாக்கிங். வயல் தீ இங்கே உதவாது, வயலில் இப்படி நடப்பதில்லை. தீத்திரை முன்னேறும்போது பின்னால் எரிந்த வாயு விரிந்து, எதிர் ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்கினால் சூடேறும். தீ போய்ச் சேருமுன்பே அந்த ஓரக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால், கொஞ்சம் கொஞ்சமாக எரியாமல் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிகிறது. பள்ளிப் புத்தகத்தின் வெடிப்பு கடைசியில் இங்கேதான் வருகிறது. அழுத்த அலை ஒன்று சிலிண்டரின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய் மோதித் திரும்புகிறது. 4 அங்குல சிலிண்டரில் அது நொடிக்கு ஐந்தாயிரம் முறைக்கு மேல் அதிர்கிறது. நம் காதில் கோலிக்குண்டைத் தகர டப்பாவில் குலுக்குவது போலக் கேட்பது அதுதான். சாதாரணமாக பிஸ்டன் தலையை ஒட்டி ஒரு மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் இருந்து அலுமினியத்தைக் காக்கிறது; இந்த அலை அதைத் துடைத்தெறிகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். அதில் பளபளப்பவை பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம்.

முந்துகோணத்தைக் கூட்டினால் அழுத்தம் சீக்கிரமும் அதிகமாகவும் ஏறும், ஓரக் கலவை மேலும் நெருக்கப்படும். அதனால் நாக்கிங் என்றால் டைமிங்கைப் பழி சொல்வது நூறு வருடப் பழக்கம். பேட்டரியும் காயிலும் கொண்ட பற்றவைப்பு முறையை 1910-ன் கேடிலாக்கில் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங் மேலேயே அந்தப் பழி விழுந்தது. உன் பொறிதான் இன்ஜினைத் தட்டுகிறது என்றார்கள். பழியைத் துடைக்க வேண்டிய கட்டாயத்தில் அவர் 1916-ல் தாமஸ் மிட்ஜ்லியிடம் இதை ஒப்படைத்தார். மிட்ஜ்லி அழுத்தக் கோட்டை வரைந்து பார்த்தார். தட்டல் பொறிக்கு முன்னால் வரவில்லை. பொறி விழுந்து, தீ ஓடத் தொடங்கிய பிறகே வருகிறது என்று தெரிந்தது. கோளாறு பற்றவைப்பில் இல்லை, எரிபொருளில். அந்தத் தேடல் 1921 டிசம்பரில், பெட்ரோலில் கலந்தால் தட்டலை அடக்கும் டெட்ராஎத்தில் ஈயத்தில் போய் முடிந்தது. இசட்/28-ன் 11 மடங்கு அமுக்கமே அந்த ஈயத்தை நம்பி வைத்ததுதான். அன்றைய உயர்தர பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது தட்டாமல் தாங்கும் திறனின் அளவு, ஆய்வக முறையில் நூறை ஒட்டி இருந்தது. ஈயம் மூளையைக் கெடுக்கிறது என்ற உண்மை அழுத்தமாக நிலைபெற்று, இந்தியா 2000-லும் உலகம் முழுக்க 2021-லும் ஈய பெட்ரோலைக் கைவிட்டது. அமெரிக்க பெட்ரோல் பங்க்கில் இன்று 93 என்று எழுதியிருப்பது வேறொரு சராசரி. நம் ஊர்க் கணக்கில் 97, 98 வரும். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் 11 மடங்கு அமுக்கும் இன்ஜினுக்கு அந்தக் கொஞ்சம் தெரியும். அதாவது 1967-ன் ஸ்பிரிங்குகள் இன்று இல்லாத ஒரு பெட்ரோலுக்காகத் தேர்ந்தெடுத்தவை.

சரி, டைமிங் வைக்கிறோம். முதலில் பாயிண்ட். இடைவெளி தேய்ந்து மாறினால் பாயிண்ட் திறக்கும் கணமும் மாறும், டைமிங்கும் கூடவே நகரும். எனவே அதைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடுவது வீண். செவர்லேயின் மூடியில் இதற்கென்றே ஒரு சிறு ஜன்னல் உண்டு. ஓடும்போதே ஆலன் சாவியை விட்டுத் திருகலாம்.

அடுத்தது உச்சி எங்கே என்பது. கிராங்கின் முன்முனையில் 8 அங்குல விட்டத்தில் ஒரு அதிர்வடக்கி வளையம், அதில் ஒரு வெட்டுக்கோடு. கோடு பூஜ்யத்தில் நின்றால் முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் என்று அர்த்தம், அதாவது 1967-ல் அப்படி அர்த்தம். அந்த வளையம் உள்வட்டத்தோடு ரப்பரால் ஒட்டப்பட்டது. அரை நூற்றாண்டில் ரப்பர் இற்று வளையம் நழுவியிருந்தால் கோடு பொய் சொல்லும். பிளக் துளை வழியே குச்சியை விட்டு உச்சியைத் தேடவும் முடியாது. உச்சியிலிருந்து 3 டிகிரி இப்படியோ அப்படியோ திருப்பினாலும் பிஸ்டன் 0.07 மி.மீ. போல்தான் நகரும். ஆகவே சுற்றுவழி. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, கிராங்கைக் கையால் வலப்பக்கம் இடிக்கும்வரை திருப்பி ஒரு கோடு, இடப்பக்கம் இடிக்கும்வரை திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் நிஜமான உச்சி. பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளந்து, நகராத இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தையில் பிழை அரை டிகிரிக்குள் வந்துவிடும்.

இன்ஜினோடு வரும் அளவுத்தகடு 36 வரை நீளாது. அதற்கு நாடா போதும். வளையத்தின் சுற்றளவு 638 மி.மீ., அதில் பத்தில் ஒன்று 64 மி.மீ. நிஜ உச்சிக் கோட்டிலிருந்து, சுழலும் திசையில், அந்தத் தூரத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டின் கவ்வியை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி இன்ஜினைக் கிளப்ப வேண்டும். அந்த வயரில் மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னுகிறது. ஒவ்வொரு மின்னலிலும் வளையம் அதே இடத்தில் இருப்பதால், சுழலும் கோடு கண்ணுக்கு அந்தரத்தில் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஏற்ற ஏற்ற எடைகள் விரிந்து கோடு மெல்ல நகர்வதைக் காணலாம். 3000-ஐத் தாண்டியதும் நகர்வது நிற்கும். அப்போது வெள்ளைக் கோடு பூஜ்யத்துக்கு நேரே நிற்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, போல்ட்டை இறுக்கி, மறுபடி ஒரு தரம் விளக்கைக் காட்டிப் பார்க்க வேண்டும், இறுக்கும்போதே அது சற்றுத் திரும்பிவிடும் என்பதால்.

36 என்பதும் வேதவாக்கு அல்ல. விளக்கு காட்டுவது பொறி விழுந்த கணத்தை மட்டுமே. அழுத்தம் 15-ல் உச்சம் தொட்டதா என்று அதற்குத் தெரியாது. இசட்/28-ன் பிஸ்டன் தலையில், அமுக்கத்தைக் கூட்டுவதற்காக, ஒரு மேடு இருக்கிறது. தீ அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் டிகிரி அதிகம் கேட்கிறது. அதே செவர்லே குடும்பத்தில் 1996-ல் வந்த வோர்டெக் தலைகளில் கொந்தளிப்பை நன்றாக அமைத்ததால் 32 போதும். அதிக அட்வான்ஸ் கேட்கும் இன்ஜின் கெட்டிக்கார இன்ஜின் என்று நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள். அதன் தீ மெதுவானது, அவ்வளவுதான். இன்னொன்று, இழுவையை அளக்கும் டைனோ என்ற கருவியில் ஏற்றி ஒவ்வொரு டிகிரியாக மாற்றி இழுவையை அளந்தால் கிடைக்கும் மேட்டின் உச்சி ஏறக்குறைய தட்டை. சரியான இடத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி பின்தங்கினால் நூற்றில் ஒரு பங்கு போனால் அதிகம். அதே இரண்டு மூன்று டிகிரி முந்தினால் இழுவையில் மாற்றம் தெரியாது, பிஸ்டனில் தெரியும். இரண்டு பக்கமும் நஷ்டம் சமமில்லை என்பதால் 36-க்குப் பதில் 34-ல் நிறுத்துகிறவர் எதையும் இழக்கவில்லை.

1978-ல் பியூக்கின் டர்போ வி6 இன்ஜினில் பிளாக்கின் அதிர்வைக் கேட்கும் உணரியை வைத்து, தட்டல் கேட்டதும் பொறியைப் பின்தள்ளும் மின்னணுப் பெட்டி வந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லா பெட்ரோல் கார்களிலும் அது உண்டு. கமாரோவில் அந்த வேலை ஓட்டுகிறவரின் காதுக்கு. ஜன்னல்களை இறக்கி, டாப் கியரில் 2000 சுற்றில் மேட்டில் ஏற்றி, முழுக்க மிதித்துக் கேட்க வேண்டும். மெதுவாகச் சுழலும்போது ஓரக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரம் அதிகம் கிடைக்கிறது, எனவே தட்டினால் முதலில் இங்கேதான் தட்டும். தட்டுகிறது என்பதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் 6000-ல் சரியாக இருந்த 36-ம் சேர்ந்து போய்விடும். இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றிப் போடுங்கள். எடைகள் தாமதமாக விரியும், 2000-ல் முந்துகோணம் முன்பைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும், 3500-ல் பழைய இடத்துக்கே வந்து சேரும்.